உறையாத நிலமும் பாம்பன் மொட்டை மாடியும்

2025 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில், பாம்பனில் எங்கள் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, கல்யாண வீடியோ எடுக்கும் பையனிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஒரு பேய்ப்படம் போட்டோம். ராத்திரி ஒன்பது மணி ஆகியும் தளத்தின் சூடு இறங்கவில்லை, பாயைத் தாண்டி முதுகில் ஏறியது. காற்று சுத்தமாக இல்லை. திரையில் மட்டும் ஆர்க்டிக் பனி. என்னையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரில் ஒருவரும் வானத்திலிருந்து பனி விழுந்து பார்த்தவர்கள் இல்லை, எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டியில் அள்ளிப் போடுகிற ஐஸ்தான்.

படத்தின் பெயர் 'தி லாஸ்ட் வின்டர்'. இதே படத்தை 2011இல் மதுரையில் நண்பர்களுக்குப் போட்டுக்காட்டி அசிங்கப்பட்டவன் நான். அங்கே படுத்த படம் இங்கே எப்படி எழுந்து உட்கார்ந்தது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. படத்தைப் பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

முதலில் படம்

இயக்கியவர் லாரி ஃபெசன்டன், எழுதியது அவரும் ராபர்ட் லீவரும். அமெரிக்காவும் ஐஸ்லாந்தும் சேர்ந்து தயாரித்த படம், பெரும்பகுதியை ஐஸ்லாந்தில் எடுத்தார்கள். 2006இல் டொரான்டோ திரைப்பட விழாவில் வந்தது, 2007இல் அமெரிக்காவில் கொஞ்சம் தியேட்டர்களில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

கதை நடக்கும் இடம் அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குக் காப்பகம். எண்ணெய் தோண்டுவதற்கு முன்னோட்டமாக ஒரு கம்பெனி அங்கே சின்ன முகாம் போட்டிருக்கிறது. முகாமின் தலைவர் பொல்லாக், ரான் பெர்ல்மன் நடித்திருக்கிறார். வேலையை முடித்துக் காட்டியே ஆகவேண்டும் என்று நிற்கிற ஆள், ஆனால் வில்லன் இல்லை. சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்குப் பார்க்க வந்த ஹாஃப்மனாக ஜேம்ஸ் லெக்ரோஸ். இருவருக்கும் நடுவில் ஆபி, கானி பிரிட்டன் செய்த வேடம். முன்பு பொல்லாக்கோடு இருந்தவள், இப்போது ஹாஃப்மனோடு இருக்கிறாள், முகாமோ பத்தடிக்கு ஒரு கதவு உள்ள முகாம். இவர்களோடு மேக்ஸ்வெல் என்று ஒரு சின்னப் பையன், ஒரு மெக்கானிக், சமையலுக்கு ஒரு பெண், இன்னும் சிலர்.

பிரச்சினை என்னவென்றால், குளிர் போதவில்லை. கனமான எந்திரங்களைக் கொண்டுவர அங்கே தார் ரோடு கிடையாது, தண்ணீரை ஊற்றி ஊற்றி உறையவைத்து ஐஸ் ரோடு போடவேண்டும், அதற்கு நிலம் உறைந்து கிடக்கவேண்டும். குளிர்காலம் வந்தும் நிலம் உறையவில்லை. ஹாஃப்மன் கையெழுத்துப் போட மறுக்கிறார். பொல்லாக் கொதிக்கிறார். இதற்கிடையில் வெட்டவெளியில், பல வருடம் முன்பு தோண்டி மூடிவிட்ட ஒரு பழைய சோதனைக் கிணறு, அதன்மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. மேக்ஸ்வெல் அங்கே போய்த் தொலைந்து திரும்புகிறான், திரும்பியது பழைய பையன் இல்லை. ஒரு ராத்திரி உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் பனிக்குள் நடந்து போய் விறைத்துச் செத்துக் கிடக்கிறான்.

இதில் கற்பனை எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தக் காப்பகப் பகுதியில் நிஜமாகவே ஒரே ஒரு சோதனைக் கிணறு உண்டு, 1985 தொடங்கி 1986 வரை தோண்டியது, பெயர் கே.ஐ.சி.-1. படத்தில் வருகிற பெயர் கே.ஐ.கே., ஒரு எழுத்துதான் வித்தியாசம். நிஜக் கிணற்றில் என்ன கிடைத்தது என்பதை எண்ணெய்க் கம்பெனிகள் முப்பது வருடத்துக்கு மேல் ரகசியமாகவே வைத்திருந்தன. 2019இல்தான் ஒரு அமெரிக்க நாளிதழ் விசாரித்து, பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியது. தோண்டி, மூடி, வாயையும் மூடிக்கொண்ட ஒரு குழி. பேய்க்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐஸ் ரோடு கணக்கும் அப்படித்தான். வடக்கு அலாஸ்காவில் வண்டிகளை இறக்க அனுமதி வேண்டுமென்றால், பழைய விதிப்படி நிலம் ஒரு அடி ஆழத்துக்கு உறைந்திருக்கவேண்டும், மேலே அரை அடி பனி கிடக்கவேண்டும். 1970களில் வருடத்துக்கு 200 நாளுக்குமேல் அப்படிக் கிடைத்தது, 2000த்தின் தொடக்கத்தில் 100 நாளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எழுத்தாளர்கள் இருவரும் இந்தக் கணக்கிலிருந்துதான் பேயைக் கிளப்பினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

மதுரையில் நடந்தது

2011இல் நாங்கள் நான்கு பேர் ஒரே ரூமில் தங்கியிருந்தோம், வாரம் இரண்டு பேய்ப்படம் என்று கணக்கு வைத்துப் பார்த்தவர்கள். லேப்டாப்பில் போட்டேன். முதல் அரைமணி நேரத்தில் ஒருவன் செல்லை எடுத்துவிட்டான். ஐம்பது நிமிடம் ஆகியும் "பேய் எங்கடா" என்றார்கள். கடைசியில் பேய் வந்தது. கொம்பு வைத்த மான் கூட்டம் மாதிரி, பாதி உருவம் பாதி புகையாக, கம்ப்யூட்டரில் வரைந்தது. ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்த கிராபிக்ஸ் அன்றைக்கே பழசு, இன்றைக்குப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதற்குப்பிறகு இரண்டு வருடம் யாராவது படம் சிபாரிசு செய்தால் "மான் வருமா?" என்று கேட்பது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

இணையத்தில் இந்தப் படத்தைத் திட்டுபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய அந்த நான்கு பேர்தான். மெதுவாகப் போகிறது, பேய் எதுவென்று தெளிவில்லை, மான் நன்றாக இல்லை. மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டில்தான் தகராறு.

பாம்பனில் நடந்தது

சித்தப்பா விசைப்படகு டிரைவர், முப்பது வருடமாக. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், அந்த நாட்களில் அவருக்கு வீட்டில் கால் தரிக்காது. அவர் மருமகன், எனக்கு மாப்ளை முறை, மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் எந்திரம் பார்க்கிறவன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சின்ன வயதிலிருந்து கடலில் பாசி எடுக்கிறவர். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த மாமா ஒருவர். ஒரு காலேஜ் தம்பி. அப்புறம் நான், ஆங்கில வசனத்தை ஓடஓடத் தமிழில் சொல்லிக்கொண்டு.

வேறு படம்தான் போடுவதாக இருந்தது. அது ஓடவில்லை, ஹார்டு டிஸ்க்கில் இது இருந்தது, அவ்வளவுதான். பெரிய சோதனை எல்லாம் திட்டமிட்டு நடத்தவில்லை.

படம் ஆரம்பித்துக் கால்மணி நேரம் இருக்கும். ஹாஃப்மன் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, இந்த நேரத்துக்கு இது அதிகம், நிலம் உறையாது என்கிற மாதிரி ஒரு இடம். நான் தமிழில் சொன்னேன். சித்தப்பா சாய்ந்து கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இப்ப என்ன மாசம் அங்க?"

"குளிர்காலம்தான் சித்தப்பா."

"குளிர்காலத்துல குளிரலைங்குறானா?"

"ஆமா."

"அப்ப சரி. கதை ஆரம்பிச்சிருச்சு."

மதுரையில் ஐம்பது நிமிடம் கழித்தும் பேயைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இவர் பதினைந்தாவது நிமிடத்தில் பிடித்துவிட்டார். எப்படி என்று மறுநாள் டீக்கடையில் கேட்டேன். எங்கப்பா காலத்தில் வாடைக்காற்று எப்ப விழும், கச்சான் காற்று எப்ப எடுக்கும், கொண்டல் காற்று எத்தனை நாள் நிற்கும் என்று நாள் குறித்து வைத்திருப்பார், அந்த நாளுக்கு வலை மாறும், கடல் மாறும், வடகடலை விட்டுத் தென்கடலுக்குப் போவார்கள் என்றார். "இப்ப காத்து ஒரு பக்கம் போவுது, காலண்டர் ஒரு பக்கம் போவுது. கரையில நிக்கயில ஒன்னும் தெரியாது. உள்ள போய் ஒரு நா மாட்டுனாத்தான் தெரியும்." அவருக்கு அந்தப் படத்தில் பேய் தனியாக வரவேண்டிய அவசியமே இல்லை. பருவம் தப்பியது என்ற ஒரு வரி போதும், மிச்சம் எல்லாம் அதன் விளைவு.

குளிர்ப் பிரதேசப் பேய்ப்படங்களில் வழக்கமாகக் குளிர்தான் எதிரி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் உயிர் தப்பலாம், வெளியே போனால் செத்தாய். இந்தப் படம் அதைத் தலைகீழாகப் போடுகிறது: குளிர்தான் காவல், உறைந்த நிலம்தான் பூட்டு. பூட்டு இளகுகிறது, ஆயிரக்கணக்கான வருடம் உள்ளே கிடந்தது எதுவோ மேலே வருகிறது. எண்ணெய் என்பதே செத்துப்போன உயிர்கள் அழுத்தத்தில் மாறிய சரக்குதானே, அந்தச் செத்தவை திரும்பி வந்தால் என்ன என்று ஹாஃப்மன் தன் குறிப்பேட்டில் யோசிக்கிற இடம் வருகிறது. அதற்குத்தான் மான் உருவம், எல்லாம். யோசனை நன்றாக இருக்கிறது, வரைந்தவர்களிடம் காசு இல்லை.

வெள்ளை

படத்தின் ஒளிப்பதிவு மாக்னி ஆகஸ்ட்சன், ஐஸ்லாந்துக்காரர். வைட் ஷாட்டில் திரை முழுக்க வெள்ளை, மூலையில் ஒரு புள்ளி மாதிரி ஆள். மதுரையில் லேப்டாப் திரையில் அந்தப் புள்ளியே தெரியவில்லை, இது என் தப்பு. வேட்டியில் தெரிந்தது.

உப்பள மாமா அதுவரை பேசவே இல்லை. பையன் வெட்டவெளியில் நடந்துபோகிற காட்சியில், "இது எங்க பாத்தி மாதிரியில்ல இருக்கு" என்றார். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு உப்பளத்தின் நடுவில் நின்றிருக்கிறீர்களா? கண்ணைத் திறக்க முடியாது. எட்டுத் திசையும் வெள்ளை, தூரத்தில் வருகிறவன் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்கிற மாதிரி தெரியும், பக்கத்தில் வந்தால்தான் கால் முளைக்கும். மாமாவுக்கு அந்த மாதிரி ஒருநாள் கூடவே ஒரு ஆள் நடந்து வந்திருக்கிறான், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. வெயில் மயக்கம்தான் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் மறுநாள் அந்தப் பாத்திப் பக்கம் போகவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். ஐஸ் ரோடு போட நிலம் காயவேண்டும் என்கிறானே, உப்புக்கும் அதேதான், காயவேண்டிய மாதத்தில் ஒரு மழை அடித்தால் பாத்தி கரைந்து சேறாகிவிடும், முதலில் இருந்து தொடங்கவேண்டும். நான் "காயல மாமா, உறையணும்" என்று திருத்தினேன். "எல்லாம் ஒன்னுதான்" என்றார். யோசித்தால் ஒன்றுதான்.

வாயு

படம் நடுவில் ஒரு சந்தேகத்தைப் போடுகிறது. ஹாஃப்மன் பேயை நம்புகிற ஆள் இல்லை. இளகிய நிலத்திலிருந்து விஷவாயு கசிகிறது, அதனால்தான் எல்லோருக்கும் புத்தி பேதலிக்கிறது, இல்லாததெல்லாம் தெரிகிறது என்பது அவர் கணக்கு. எண்ணெய் வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடு என்பது நிஜமான எமன். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்து முற்றிய நேரம்.

இதைச் சொன்னதும் ஐஸ் கம்பெனி மாப்ளை படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டான். எங்கள் கரையில் குளிருக்குள் வேலை பார்க்கிற ஆட்கள் அவன் ஜாதிதான். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் கேன் கேனாக இறக்கி, முழுசாக ஒரு பகல் ஒரு ராத்திரி விட்டால்தான் கட்டி ஆகும். ராத்திரி ஷிப்ட்டில் கம்ப்ரஸர் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அங்கே ஓடுவது அம்மோனியா. "எங்க கேஸு நல்ல கேஸு மச்சான், லேசா கசிஞ்சாலே கண்ணுல குத்திரும், ஓடிரலாம். இவன் கேஸு மூக்கயே சாவடிக்குதுல்ல? அப்ப அவன் பாத்தது பேயா கேஸான்னு அவனுக்கே எப்படித் தெரியும்?"

படத்தின் மையமே அந்தக் கேள்விதான். படம் கடைசிவரை அதற்குப் பதில் சொல்லவில்லை. இதைக் குழப்பம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. அவன் அன்றைக்கு ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகவேண்டியவன், வயிற்று வலி என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு எங்களோடேயே படுத்துக்கொண்டான். பேய்ப்படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

கல் வெளுத்த வருடம்

பெரியம்மாவுக்கு நடிகர்கள் முகம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. யார் செத்தது, யார் உயிரோடு இருப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் நிலம் இளகுவதை மற்றவர்களுக்கு விளக்கவேண்டியிருந்தது, அவருக்குத் தேவைப்படவில்லை.

விரலில் துணியைச் சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கம் பாசி எடுக்க இறங்குகிற பெண்களுக்கு, மன்னார் வளைகுடாவின் பார்கள், அதாவது பவளப்பாறைகள், வீட்டு முற்றம் மாதிரி. கடல் சூடு ஏறினால் பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், நிறம் போய் வெளுத்துவிடும், சூடு வாரக்கணக்கில் நின்றால் செத்தும்போகும். 2010இல் பெரிதாக வெளுத்தது, 2016இல் மறுபடி, 2024இல் மறுபடி. பெரியம்மா வருடக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. "கல்லு பூராம் வெள்ளையாப் போச்சுய்யா, சலவைக்குப் போட்டாப்புல. அழகாத்தான் இருந்துச்சு. எனக்கு இறங்கவே பயமா இருந்துச்சு" என்றார். 21 தீவுகள் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாரை வெட்டி வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். தோண்டியதால் வந்தது பாதி, சூட்டால் வந்தது பாதி. படத்தின் கதையும் இதுவேதான் என்று நான் சொன்னபோது, "பின்ன ஏன் அம்புட்டுத் தூரம் போய் எடுத்தாக?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தனுஷ்கோடியை இதில் இழுக்கக்கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் எதை எழுதினாலும் அது வந்து நிற்கும், அலுத்துவிட்டது. ஆனால் படத்தில் ஒரு இடம் உண்டு. முகாமிலிருந்து ஆட்களை மீட்க விமானம் வருகிறது, எல்லோரும் வெளியே வந்து பார்க்கிறார்கள், அது நேராக முகாம்மேலேயே வந்து விழுகிறது. அந்த இடத்தில் பெரியம்மா எழுந்து கீழே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் போனபோது, அவருடைய அம்மா சொல்லிக் கேட்ட 1964 டிசம்பர் 22 ராத்திரியைத்தான் பேசினார். பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கிட்டத்தில், அலை. வண்டி வருகிறது என்று அங்கே காத்திருந்தவர்களும் உண்டே, அவர்களை யார் நினைக்கிறார்கள் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

முடிவு

மீதி இருக்கிற ஹாஃப்மனும் பொல்லாக்கும் உதவி தேடி பனிவண்டியில் கிளம்புகிறார்கள். சண்டைக்காரர்கள் இருவரும் ஒரே வண்டியில். மான்கள் வருவது இங்கேதான். மொட்டை மாடியிலும் காலேஜ் தம்பி சிரித்தான், சித்தப்பா கூட "என்னப்பா இது மாட்டுவண்டிப் பந்தயமா" என்றார். ஆகக் கிராபிக்ஸ் விஷயத்தில் மதுரையும் பாம்பனும் ஒரே தீர்ப்புதான்.

அதற்குப்பிறகு வருகிற காட்சிக்காக அந்த மான்களை மன்னித்துவிடலாம். ஆபி ஒரு ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள். யாரும் இல்லை. ஒரு அறையில் ஒருவர் தூக்கில் தொங்குகிறார். வெளியே வருகிறாள், காலடியில் தண்ணீர். எதையோ பார்க்கிறாள். அவள் பார்ப்பதை நமக்குக் காட்டவே இல்லை, சத்தம் மட்டும் கேட்கிறது, படம் முடிந்துவிடுகிறது. மதுரையில் இதைக் காசு தீர்ந்துபோனதால் செய்த சமாளிப்பு என்றோம். இருக்கலாம். மாடியில் ஒருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. புரொஜெக்டரின் நீல வெளிச்சம் வேட்டியில் அப்படியே கிடந்தது, அந்த நேரம் பார்த்துத் தென்கடல் பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று வந்து வேட்டி ஒருமுறை உப்பி அடங்கியது. தம்பி சட்டென்று லைட்டைப் போட்டான்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். முகாமில் பூர்வகுடி மனிதர்கள் இருவர் இருக்கிறார்கள், அந்த நிலத்தைத் தெரிந்தவர்கள், அவர்களுக்கு வசனமே கொஞ்சம்தான். மாடியில் நான் கேட்டதெல்லாம் அந்த இருவர் பேசியிருக்கவேண்டியவை. எழுத்தாளர்கள் அவர்களைச் சமையலறையிலும் ஓரத்திலும் நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்து வந்த விஞ்ஞானி வாயால் எல்லாவற்றையும் சொல்லவைத்தார்கள்.

அப்புறம் ஆகஸ்ட் வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 இடங்களில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் மார்ச்சிலேயே அனுமதி கொடுத்துவிட்டது என்ற செய்தி அப்போதுதான் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, அனுமதியைத் திரும்பப் பெறும்படி தமிழ்நாடு அரசும் சொன்னது. செய்தி வந்த அன்றைக்கு மாப்ளையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னால் கம்ப்ரஸர் சத்தத்தோடு: "மச்சான், அந்த வெள்ளப் பெட்டி நம்ம பக்கம் இருவது வைக்கப் பாத்தானுகளாம்ல."

அதைச் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த தடைக்காலத்துக்கு அந்தப் படத்தத் திரும்பப் போடு. கரையில போடு, எல்லாரும் பாக்கட்டும்."

"சரி சித்தப்பா."

"அந்த மான மட்டும் வெட்டிரு."